லாங்வுட் சோலைக்கு யார் போவது? ஒரு டூட்டி லிஸ்ட் போட்ட கதை

டூட்டி லிஸ்ட் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்துத்தான் கையைத் தூக்கினேன். பொங்கலை ஒட்டி நான்கு நாள் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குக் கோத்தகிரியில் நாங்கள் 14 பேர். ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும்.

லாங்வுட் சோலை என்றால் விடியுமுன்னே ஸ்வெட்டர், குல்லா சகிதம் வந்து நிற்பார்கள். 116 ஹெக்டேர்தான், ஆனாலும் 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த பிறகு மவுசு கூடிவிட்டது. நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை வேறு அங்கே இருக்கிறது. இந்த நீலகிரி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், குப்பைக் கிடங்கு என்று போட்டுப் பாருங்கள், அன்றைக்குப் பார்த்து மாமியாருக்கு உடம்பு சரியிருக்காது. சாயங்காலம் எல்லார் நோட்டையும் வைத்துக்கொண்டு டைப் அடிக்கும் வேலைக்கோ ஆளே கிடையாது.

முதல் லிஸ்ட்டை நானே போட்டேன். பறவை நன்றாகத் தெரிந்தவர்களுக்குச் சோலை, மற்றவர்களுக்கு மற்ற இடம். நியாயமாகத்தான் பட்டது. குரூப்பில் போட்டதும் கட்டைவிரலாக வந்து குவிந்தது. டெய்லர் அக்கா மட்டும் மறுநாள் கடைப் பக்கம் போனபோது மெஷினை நிறுத்தாமலே கேட்டார்: “எனக்கு எப்பவும் பஸ் ஸ்டாண்டுதானா தம்பி?”

வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளைப் புரட்டினேன். மூன்று வருஷம். மூன்றிலும் அக்காவுக்குப் பஸ் ஸ்டாண்டும் டைப்பிங்கும்தான். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை, அதனால் திரும்பத் திரும்ப அவர் தலையிலேயே விழுந்திருக்கிறது. பறவை தெரியாது என்று சோலைக்கு அனுப்பவில்லை. சோலைக்கு அனுப்பாமல் அவர் எங்கே தெரிந்துகொள்வது?

சரி, சீட்டுக் குலுக்கிவிடுவோம் என்றேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் எல்லார் பேரும். வாத்தியார் ஐயாவின் பேத்தி எடுத்தாள். மூட்டு வலியோடு வந்திருந்த ஐயாவுக்கே சோலைச் சரிவு. கேமரா தம்பிக்கு, போன வருஷமும் போனவன், மறுபடி சோலை. டெய்லர் அக்காவுக்குப் பஸ் ஸ்டாண்டு. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அக்கா அந்தத் துண்டுச் சீட்டை நாலாக மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டார்.

வாத்தியார் ஐயா வரலாறு எடுத்தவர். அவர்தான், “குடவோலையிலேயே இதுக்கு வழி வச்சிருக்காங்கப்பா” என்றார். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919-ஐ ஒட்டியது. ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டுச் சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னது எல்லாருக்கும் தெரியும். முந்தைய மூன்று வருஷத்தில் ஊர்க் குழுவான வாரியத்தில் இருந்தவர் பேர் குடத்துக்குள்ளேயே போகக்கூடாது என்பதுதான் பலருக்கு நினைவிருக்காது. நானும் பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சை எழுதி மறந்தவன்தான்.

அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். மூன்று வருஷத்தில் ஒரு தடவை சோலைக்குப் போயிருந்தாலும் அவர் சீட்டு பாட்டிலுக்கு வெளியே. கேமரா தம்பிக்குக் கோபம். “குரலை வச்சே அடையாளம் சொல்ற ஆள் ஒருத்தர்கூட இல்லாம சோலைக்குள்ள போய் என்ன எழுதுவீங்க?” என்றான். அவன் சொன்னதிலும் பாதி உண்மை. சோலையில் பறவை கண்ணில் படுவது குறைவு, காதுதான் வேலை செய்யும். ஆகவே காது தெரிந்த நான்கு பேருக்குத் தனிப் பாட்டில். நாளுக்கு ஒருவர், அதற்குப் பதில் அவருக்கு ஒரு நாள் குப்பைக் கிடங்கு. மலை ஏற முடியாதவர்கள் குலுக்கலுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ‘முடியாது’ வேறு, ‘பிடிக்கவில்லை’ வேறு என்று பிரிப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பொங்கல் அன்று காலை டூட்டி இன்னொரு தலைவலி. பால் பொங்குகிற நேரத்தில் பைனாகுலரோடு யார் நிற்பது? அதைக் குப்பைக் கிடங்குக்குச் சமமான கஷ்டமாக வைத்து, அன்று வருபவருக்கு டைப்பிங் கிடையாது என்றோம். உடனே இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் கை தூக்கினார்கள். டைப்பிங்கை மக்கள் அவ்வளவு வெறுக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

சோலைக்குள் போக வனத்துறையிடம் வாங்கும் அனுமதிக் கடிதத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். உள்ளே போகிறவர்களின் பேர்ப் பட்டியலும் ஆதார் நகலும் கேட்டார்கள். ஒரு நகல் மங்கலாக இருந்ததால் முதல் தடவை போன பஸ் செலவு வீண். மறுநாள் கடிதம் கையில் கிடைத்தது. அப்புறம் ஒரு ராத்திரி இரண்டு பேர் எனக்குச் சொல்லாமல் தங்களுக்குள் டூட்டியை மாற்றிக்கொண்டார்கள். காலையில் வாட்சர் கடிதத்தை டார்ச் அடித்துப் பார்த்து, “இந்தப் பேர் இல்லையே சார்” என்றார். தப்பு அவர் மேல் இல்லை. வந்தவன் குளிரில் நடுங்கிக்கொண்டே திரும்பிப் போனான், கடிதத்தில் பேர் இருந்தவன் வீட்டில் போர்வைக்குள். மாற்றிக்கொள்வதாக இருந்தால் கடிதம் கொடுக்கிற நாளுக்கு முன்பே, அதுவும் எழுத்தில்.

குப்பைக் கிடங்குக்குப் போன கேமரா தம்பி முதலில் முறைத்துக்கொண்டுதான் போனான். ஒன்பது மணிக்கு அவனிடமிருந்து போட்டோவாக வந்துகொண்டே இருந்தது: வாலாட்டி, உண்ணிக்கொக்கு, பருந்து. மூக்கைப் பிடித்துக்கொண்டு எடுத்தானாம்.

டெய்லர் அக்கா மூன்றாம் நாள் சோலைக்குப் போனார். வழியில் காட்டெருமை நின்றதால் இருபது நிமிடம் தாமதம், அப்புறம் முக்கால் மணி நேரம் நடை. வெளியே வந்தவரிடம் ஆசையாக, “எப்படிக்கா?” என்று கேட்டேன். “ஒரே குளிரு. ஒரு டீ கெடையாது. பஸ் ஸ்டாண்டா இருந்தா இந்நேரம் ரெண்டு குடிச்சிருப்பேன்” என்றார். சொல்லிவிட்டு நோட்டைக் கொடுத்தார்.

டைப்பிங் இந்த வருஷம் எனக்கு விழுந்திருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு அவர் பக்கத்துக்கு வந்தேன். துணி அளவு எழுதுகிற அதே குண்டு கையெழுத்தில் ஒன்பது வரி. கடைசி வரி: ‘சிரிப்பான் – 2. பார்க்கலை. சிரிச்சது மட்டும் கேட்டது.’