பத்திரம் இல்லாத ஜாமீன்

வங்கியில் இன்று எனக்கு முன்னால் இருந்த அக்கா, கடனுக்காகப் பையிலிருந்து தன் மகளிர் சுயஉதவிக் குழுவின் தீர்மான நோட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

ஓரமெல்லாம் நைந்த நீள நோட்டு. பக்கத்தின் அடியில் வரிசையாகக் கையெழுத்துகள். பேனாவை அழுத்திய அழுத்தத்தில் மறுபக்கம் தடம் விழுந்திருந்தது. இரண்டு பேர் மட்டும் கைநாட்டு.

மேலாளர் சொத்துப் பத்திரம் எதுவும் கேட்கவில்லை. நோட்டைத்தான் புரட்டினார். யார் எவ்வளவு சேமித்தார், குழுவின் சேமிப்பிலிருந்தே கொடுக்கும் உள்கடன் யாருக்குப் போனது, ஒழுங்காகத் திரும்பியதா.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ரோமில் இருக்கும் ஒரு ஐ.நா. அமைப்பும் இருக்கிறது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம். அதன் உதவியோடுதான் 1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-ல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதித்துப் பார்த்தது. அப்புறம் நாடு முழுக்கப் பரவியது.

அந்த நிதியத்தின் பணத்தில் கடன் மட்டும் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழு அமைக்க, கூட்டம் நடத்த, கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கச் செலவழித்தார்கள். பலன் தெரிய வருடக்கணக்கில் ஆகும் வேலை அது.

இப்போது பணக்கார நாடுகள் பல, வெளிநாட்டு உதவியை வெட்டுகின்றன. முதலில் அடிபடுவது இந்த மாதிரிப் பொறுமையான செலவுதான் என்று பயமாக இருக்கிறது. கடன் கொடுக்க ஆள் எப்படியும் வருவார்கள், வாரத் தவணையோடு வாசலுக்கே. உட்கார்ந்து கணக்கு சொல்லிக்கொடுக்க யார் வருவார்கள்?