ஃபங்ஷனா, மேக்ரோவா?

“ஃபங்ஷன்னு இருந்ததை மேக்ரோன்னு மாத்தினேன், ஓடிடுச்சு. அப்புறம் ஏங்க வேண்டாம்ங்கிறீங்க?” ரிவ்யூவில் எங்கள் டீமின் இளையவர் கேட்ட இந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ப்ரோக்ராமை எப்படிக் கம்பைல் செய்வது என்று எழுதி வைக்கும் பில்ட் கருவி சிமேக். அதில் அவர் எழுதிய ஃபங்ஷன், கம்பைல் செய்ய வேண்டிய ஃபைல்களை ஒரு வேரியபிளில் சேர்த்து வைக்கும். வெளியே வந்து பார்த்தால் அது காலி. ஃபங்ஷனுக்குத் தனி ஸ்கோப், அதாவது வேரியபிள்கள் செல்லுபடியாகும் எல்லை, உண்டு. உள்ளே செட் செய்தது அதோடு போய்விடும். மேக்ரோவுக்கு அப்படிக் கிடையாது, கூப்பிட்ட இடத்தின் ஸ்கோப்பிலேயே ஓடும். அவர் மாற்றம் வேலை செய்ததில் ஆச்சரியமில்லை.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. மேக்ரோவுக்குள் தற்காலிகமாக வைக்கும் வேரியபிள்கூடக் கூப்பிட்டவருடையதை அழித்துவிடும் என்றேன். ஃபங்ஷனாகவே விட்டு, செட் வரியில் பேரண்ட்_ஸ்கோப் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார். அந்த வேரியபிளைக் காட்ட அடுத்த வரியில் இருந்த மெசேஜ் வெறுமையாக வந்தது. பேரண்ட்_ஸ்கோப் போட்டால் மதிப்பு மேல் ஸ்கோப்புக்கு மட்டும்தான் போகும், உள்ளே எதுவும் மாறாது. உள்ளேயே பட்டியலை முடித்துவிட்டுக் கடைசியில் ஒருமுறை மேலே அனுப்பினால் சரியாகிவிடும். சரியும் ஆனது.

அப்போதுதான், இன்னொரு ஃபைலை உள்ளே இழுத்து ஓட்டும் இன்குளூட் கட்டளையைக் காட்டிக் கேட்டார்: “இன்குளூடுக்கும் தனி ஸ்கோப் இல்லையே. அதை எல்லா இடத்திலும் வச்சிருக்கோம். மேக்ரோ மட்டும் ஏன் ஆகாது?”

நியாயமான கேள்வி. பிறகு யோசிக்கும்போது பதில்கள் வருகின்றன. மேக்ரோவுக்குள் ரிட்டர்ன் எழுதினால் கூப்பிட்ட இடத்திலிருந்தே வெளியேறிவிடும். இன்குளூட் செய்த ஃபைலில் எழுதினால் அந்த ஃபைல் மட்டும்தான் முடியும். மேக்ரோவின் ஆர்க்யுமென்ட்கள் வேரியபிள்களே அல்ல, வெறும் எழுத்து மாற்றம். அப்படி ஒரு வேரியபிள் இருக்கிறதா என்று இஃப் டிஃபைன்டு போட்டுக் கேட்டால் இல்லை என்று வரும். இதெல்லாம் உண்மை. ஆனால் நான் அன்று சொன்ன காரணம் வேரியபிள் கசிவு. அந்தக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான், அவர் கேட்டதும் அதைத்தான்.

இன்றைக்கும் மேக்ரோ வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆறு மாதம் கழித்து அந்த ஃபைலைத் திறப்பவருக்கு, எது வெளியே போகிறது என்று ஃபங்ஷனின் அந்தக் கடைசி வரி காட்டிக்கொடுக்கும். அதே அக்கறையை இன்குளூடுக்கும் காட்டியிருக்க வேண்டாமா? சிமேக் 3.25-ல் வந்த, தனி ஸ்கோப் தரும் பிளாக் கட்டளைக்குள் இன்குளூடை வைத்து, வேண்டிய வேரியபிளுக்கு மட்டும் அதை வெளியே அனுப்பும் ப்ராபகேட் கொடுத்தால் போதும். எங்கள் ப்ராஜெக்டின் குறைந்தபட்ச பதிப்பு அதற்கும் பழையது. அதை உயர்த்தச் சொல்லிக் கேட்கலாமா, இதற்காக எல்லோருடைய பில்டையும் தொடுவது சரியா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.