லினக்ஸ் நிரலை விண்டோஸுக்கும் மேக்குக்கும் கொண்டுபோனபோது

தமிழ் உரைக் கோப்புகளைப் படித்து, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு தயாரித்து, அதை பைனரி கோப்பாகச் சேமிக்கும் சின்ன சி நிரல். 64 பிட் இன்டெல் லினக்ஸில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ், மேக், ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி மூன்றிலும் ஓடவேண்டும் என்றதும் முதலில் பயந்தது கம்பைல் பிழைகளுக்குத்தான், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போது வரும் பிழைகளுக்கு. அவை அரை நாளில் தீர்ந்தன. சத்தமில்லாமல் கம்பைல் ஆகிவிட்டு, ஓடும்போது காலை வாரியவைதான் நாட்களைத் தின்றன.

அடைவுக் கோப்பு முதலில் மாட்டியது. இடக்குறிப்புகளை ‘லாங்’ என்ற எண் வகையில் வைத்து, பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஸ்ட்ரக்சரை அப்படியே வட்டில் எழுதியிருந்தோம். 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட். 64 பிட் விண்டோஸிலோ 4 பைட்தான். போதாததற்கு, உறுப்புகளுக்கு இடையே கம்பைலர் செருகும் வெற்று பைட்டுகள் வேறு. லாங்கை எடுத்துவிட்டு, எங்கும் 8 பைட்டாகவே இருக்கும் ‘இன்ட்64_டி’ போட்டோம். ஸ்ட்ரக்சரை மொத்தமாக எழுதுவதை விட்டு, ஒவ்வொரு எண்ணையும் மதிப்பில் சிறிய பைட் முதலில் வரும்படி பைட் பைட்டாக எழுதினோம். கூடுதலாக முப்பது வரிகள் வந்திருக்கும், அவ்வளவே.

அப்படியும் விண்டோஸில் கோப்பு பாதியில் முடிந்ததாகவே காட்டியது. காரணம், கோப்பைத் திறக்கும் எஃப்ஓபனில் படிப்பதற்கான ‘ஆர்’ மட்டும் கொடுத்திருந்தது. லினக்ஸில் அதற்கும், பைனரியாகப் படிக்கச் சொல்லும் ‘ஆர்பி’க்கும் வேறுபாடே இல்லை. விண்டோஸில் ‘ஆர்’ என்றால் உரைக்கோப்பு. 26 என்ற மதிப்புள்ள பைட்டைக் கண்டதும் கோப்பு முடிந்தது என்று நின்றுவிடும். எழுதும்போதோ, வரி முடிவைக் குறிக்கும் ஒவ்வொரு 10 பைட்டுக்கும் முன்னால் ஒரு 13ஐச் செருகும். ‘ஆர்பி’, ‘டபிள்யூபி’ என்று மாற்றியதும் சரியானது.

ராஸ்பெரி பையில் நிரல் முடியவே இல்லை. கோப்பிலிருந்து ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் ‘கெட்சி’ தரும் மதிப்பை, ஒரே பைட் கொள்ளும் ‘கேர்’ மாறியில் வாங்கி, கோப்பு முடிந்ததைச் சொல்லும் இஓஎஃப்புடன் (மதிப்பு -1) ஒப்பிட்டிருந்தோம். பையில் இருப்பது ஆர்ம் சிப். ஆர்ம் லினக்ஸில் கேர் குறியற்றது, எதிர்ம எண் அதில் நிற்காது. -1ஐப் போட்டால் 255 ஆகிவிடும், ஒப்பீடு ஒருபோதும் பொருந்தாது. இன்டெல்லிலும் இது பிழைதான்: 255 என்ற பைட் வந்தால் அங்கேயே நின்றுவிடும். யூனிகோட் எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையிலான உரையில் அந்த பைட் வரவே வராது என்பதால் இத்தனை காலம் தப்பித்தது. மாறியை ‘இன்ட்’ ஆக்கினால் போதும்.

தமிழ் என்பதால் தனியாக வந்த தொல்லைகள் இரண்டு. விண்டோஸில் கட்டளை வரியில் கொடுத்த தமிழ்க் கோப்புப் பெயர் நிரலுக்குள் வரும்போது வெறும் கேள்விக்குறிகளாகியிருந்தது. நிரல் தொடங்கும் ஃபங்ஷனான சாதாரண ‘மெயின்’, பழைய ஆன்சி கோட்பேஜில்தான் (ஒரு மொழிக்கான பழைய எழுத்து அட்டவணையில்தான்) பெயரைப் பெறுகிறது. தமிழுக்கு அப்படியொரு கோட்பேஜே கிடையாது. யூனிகோடில் பெயரைத் தரும் ‘டபிள்யூமெயின்’ வழியாகப் பெற்று, உடனே யுடிஎஃப்-8 ஆக்கிக்கொண்டோம். விண்டோஸ் 10 பதிப்பு 1903 முதல், நிரலோடு வைக்கும் மேனிஃபெஸ்ட் என்ற அறிவிப்புக் கோப்பிலேயே யுடிஎஃப்-8 என்று அறிவிக்கலாம். பழைய கணினிகளையும் விட மனமில்லாததால் முதல் வழியே எங்களுக்கு வசதி.

மேக்கில் ‘கோவை’ என்ற கோப்பு கண்ணெதிரே இருந்தும், நிரல் இல்லை என்றது. ஓகாரக் குறியை ஒரே யூனிகோட் குறியெண்ணாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். முதல் முறையில் ‘கோவை’ 12 பைட், இரண்டாவதில் 15. திரையில் ஒன்றுபோலவே இருக்கும். மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் பெயரைப் பிரித்துச் சேமித்தன. நாங்கள் பட்டியலில் சேர்ந்த வடிவத்தை வைத்துக்கொண்டு பைட்டுகளை ஒப்பிட்டோம். இப்போது ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி எனும் சேர்ந்த வடிவுக்குக் கொண்டுவருகிறோம். ஒப்பிட மட்டும்தான். கோப்பைத் திறக்க, இயங்குதளம் தந்த பெயரையே திருப்பிக் கொடுக்கவேண்டும்.

தளத்துக்குத் தளம் வேறு வரிகளைக் கம்பைல் செய்யச் சொல்லும் இஃப்டெஃப்பை நிரல் முழுக்கத் தூவும் ஆசை வரும்; நாங்களும் தூவினோம், பிறகு பொறுக்கி எடுத்தோம். இப்போது ஒரே தலைப்புக் கோப்பு. கோப்பைத் திற, பெயர் மாற்று, கோப்புறையைப் பட்டியலிடு என மூன்று ஃபங்ஷன்கள் அதில். தளத்துக்கு ஒரு சி கோப்பு. பெயர் மாற்றுவதற்குத் தனி ஃபங்ஷன் எதற்கு என்று தோன்றலாம். ‘ரீநேம்’ லினக்ஸில் இருக்கும் கோப்பின் மேலேயே எழுதிவிடும், விண்டோஸில் தோற்கும். அங்கே ‘மூவ்ஃபைல்எக்ஸ்’தான், மேலெழுதச் சொல்லும் கொடியோடு.

கடைசியாக ஒரு வேடிக்கை. துணைக் ஃபங்ஷன்கள் இருந்த கோப்புக்கு ‘ஆக்ஸ்.சி’ என்று பெயர். டாஸ் காலத்திலிருந்து விண்டோஸ் ஒதுக்கிவைத்திருக்கும் பெயர் அது. நிரலைச் சேமித்து வைத்திருந்த ‘கிட்’ களஞ்சியத்திலிருந்து அங்கே இறக்கவே முடியவில்லை. ‘உதவி.சி’ என்று மாற்றினோம்.