தம்பி கதவைத் தட்டினான்

ஜூலை 14

விடுதிக்கு வந்து ஐந்து நாள்கள் ஆகின்றன. இரவு தம்பியுடன் தொலைபேசியில் பேசியது மொத்தம் இரண்டு நிமிடம் நாற்பது நொடி. கல்லூரி எப்படி இருக்கிறது என்று கேட்டான்; நன்றாக இருக்கிறது என்றேன்; அதன்பிறகு இருவரும் சும்மா இருந்தோம். அவன் பிறந்தது முதல் ஒரே அறையில் உறங்கிய எங்களுக்கு, பேசுவதற்கென்று தனியாக ஒரு விஷயம் இதுவரை தேவைப்பட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகஸ்ட் 21

நான் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதை அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறான். கட்டைவிரல் உயர்த்திய குறி ஒன்று மட்டும் அனுப்பியிருந்தான். முன்பானால் ஒரு வாரமாவது கேலி செய்திருப்பான். அந்தக் கேலியை நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன் என்பதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 30

தம்பி சதுரங்கப் பயிற்சியை விட்டுவிட்டானாம். விட்டு ஒரு மாதம் ஆகிறது என்று அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். காய்களை நகர்த்தவே நான்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன் என்பதால், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது. கோபத்தில் இரண்டு நாள்களாக அவனை அழைக்கவில்லை. அவன் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அக்டோபர் 17

மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி எடுத்த உளவியல் பாடம் இன்று என்னையே பிடித்துக்கொண்டது. உடன்பிறந்தவர்கள் தங்களுக்குள் ஒப்பீடும் போட்டியும் குறைய வேண்டும் என்பதற்காக, ஒருவர் கால் வைத்த துறையை மற்றவர் தவிர்த்து, தம்மை வேறுபட்டவர்களாக ஆக்கிக்கொள்வார்கள் என்று பிரான்சஸ் ஷாக்டர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1976இல் எழுதியிருக்கிறார்கள். குடும்பத்தின் முதல் இரு பிள்ளைகளிடம்தான் இது மிகுதியாகத் தெரிந்ததாம். நாங்கள் இருவர்தான், எங்களுக்கு வேறு வரிசையே கிடையாது.

பள்ளியில் ஆசிரியர்கள் அவனை "இன்னாருடைய தம்பி" என்றே அழைப்பார்கள். அதை நான் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை ஆண்டுகளிலும் அவன் அதை எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. சதுரங்கத்தில் அவன் என்னை ஒரே ஒருமுறை வென்றான்; அன்றும் அவனுடைய பதினான்காவது நகர்த்தல் தவறு என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கோட்பாடு எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த ஆட்டத்துக்கு மட்டும் அது போதும்.

டிசம்பர் 19

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். மேசையைச் சன்னல் பக்கம் போட வேண்டும் என்று அவன் கேட்டபோதெல்லாம் மறுத்துவந்தேன். இப்போது அது சன்னல் ஓரத்தில் இருக்கிறது, அங்கேதான் பொருத்தமாகவும் இருக்கிறது. என் கட்டில்மீது கிடந்த தன் புத்தகங்களை, விருந்தாளிக்கு இடம் ஒதுக்குவதுபோல முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தான். சண்டையிட அதில் எதுவும் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரவு தன் சார்ஜரை எடுக்க வந்தவன், தன்னுடைய அறைக் கதவையே தட்டிவிட்டு, "அக்கா, வரலாமா?" என்று கேட்டான்.

டிசம்பர் 22

ஒரு ஆட்டம் ஆடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றான். காலையில் ஓடப் போகிறானாம், வேண்டுமானால் நானும் வரலாமாம். 400 மீட்டர் தடத்தில் இரண்டு சுற்றுக்குமேல் என்னால் முடியாமல் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவன் என்னைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நிற்காமல் சுற்றின் எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு போனான். ஏழாவது சுற்றில் "எட்டு" என்றான். "ஏழுதான்டா!" என்று கத்தினேன். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தி ஆட்டிவிட்டு ஓடினான்.