பெரியப்பாவின் 800: இஞ்சினைத் தவிர மற்றதெல்லாம்

பழைய மாருதி 800 ஒன்றை எடுத்துச் சரிசெய்து ஓட்டுகிறேன் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இஞ்சின் எப்படி இருக்கு?" என்பதுதான். இஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர். 800-ஐ 2014-இல் நிறுத்திவிட்டாலும் இதே குடும்பத்து இஞ்சின் ஆம்னியில் 2019 வரை வந்தது. அதனால் ரிங், பேரிங், ஹெட் கேஸ்கெட் எல்லாம் திருநெல்வேலி ஸ்பேர்ஸ் கடைகளிலேயே கிடைக்கின்றன. என்னைப் பாடாய்ப் படுத்தியது காகிதமும் ரப்பரும் தகடும்.

வண்டி பெரியப்பாவுடையது. 1998 மாடல், வெள்ளை, கார்புரேட்டர் வண்டி, டிஎன் 72 நம்பர். அம்பாசமுத்திரம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. கண் பார்வை குறைந்ததும் பெரியப்பா ஓட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அவ்வப்போது ஸ்டார்ட் செய்து வைப்பதும் பிறகு நின்றுபோனது. அவர்கள் தவறிய மறு வருஷம் பெரியம்மா கூப்பிட்டு, "பழைய இரும்புக்குப் போட மனசு வரல. நீ எடுத்துக்கிடுதியா?" என்று கேட்டார்கள். பெங்களூரில் இருக்கும் அண்ணனும் போனிலேயே சரி என்றுவிட்டார்.

சரி என்று சொல்வது சுலபம். ஆர்சியில் இருப்பதோ காலமானவர் பெயர். வண்டியை விற்றால் 29, 30 என்று இரண்டு படிவம் போதும். விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. உரிமையாளர் இறந்திருந்தால் படிவம் 31. அதோடு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். நான் வாரிசு இல்லை என்பதால் முதலில் பெரியம்மா பெயருக்கு மாற்றி, அங்கிருந்து என் பெயருக்குக் கொண்டுவந்தோம். பென்ஷனுக்காக வாரிசுச் சான்றிதழை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்ததால் தாலுகா ஆபீஸ் அலைச்சல் மிச்சம்.

மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். ஆர்சியில் வங்கிக் கடனுக்கான ‘ஹெச்.பி.’ வரி அப்படியே இருந்தது. கடனை அடைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வரியை எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமென்றால் படிவம் 35-இல் வங்கியின் கையெழுத்தும், பாக்கி இல்லை என்ற கடிதமும் வேண்டும். கடன் கொடுத்த வங்கி இதற்குள் இன்னொரு வங்கியோடு இணைந்து, கிளையும் இடம் மாறிவிட்டது. கவுண்டரில் இருந்தவர், "இப்படி ஒரு லோன் சிஸ்டத்துலயே இல்லையே சார்" என்றார். "இல்லாத லோன் முடிஞ்சுபோச்சுன்னு எழுதித் தர்றதுல என்ன சார் கஷ்டம்?" என்று கேட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் எழுதித் தரவில்லை.

காப்பாற்றியது பெரியப்பாவின் மஞ்சள் பைதான். வண்டிக்கென்றே ஒரு பை, அதற்குள் நீள நோட்டு ஒன்று. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் தேதி, கிலோமீட்டர், தொகை. ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்புகள்: "திருச்செந்தூர் போகையில் இடது முன் டயர் பஞ்சர். சூரசம்ஹாரக் கூட்டம். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை." நோட்டின் அட்டை உறைக்குள் மடித்து வைத்திருந்தது வங்கியின் கடன் முடிப்புக் கடிதம், ரப்பர் ஸ்டாம்போடு. அதைக் காட்டிய பிறகுதான் படிவத்தில் கையெழுத்து விழுந்தது. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறக்கும் முன் ஆர்சியில் இந்த வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விற்பவரே மறந்துபோயிருப்பார்.

15 வருஷம் ஆனால் வண்டியை உடைத்துத்தான் ஆக வேண்டும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அது டெல்லி வட்டாரத்துக்கு வந்த கட்டுப்பாடு. நம்மூரில் 15 வருஷம் முடிந்ததும் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சோதனை) காட்டி, ஐந்து ஐந்து வருஷமாக ஆர்சியைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். அதற்குப் படிவம் 25. கட்டணம்தான் ஏறிவிட்டது. முன்பு 600 ரூபாய் இருந்த இடத்தில் 2022 ஏப்ரலில் 5000 ஆக்கினார்கள்; 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-இல் அதையும் ஏற்றிவிட்டார்கள். பசுமை வரியும் தாமதக் கட்டணமும் தனி.

காகிதம் ஒரு பக்கம் நடக்கட்டும் என்று வண்டியைத் திருநெல்வேலி பேட்டையில் ஒரு பட்டறைக்குக் கொண்டுவந்தோம். கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்று ஊரில் யோசனை சொன்னார்கள். பின் சக்கரங்கள் சுற்றவே இல்லை. ஹேண்ட் பிரேக் போட்டபடி நின்றதில் பிரேக் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிப் போயிருந்தது. ரெக்கவரி வண்டியில்தான் ஏற்ற வேண்டியிருந்தது. நான் இஞ்சினை எப்போது கிளப்பலாம் என்று கேட்டதற்கு மெக்கானிக் அண்ணாச்சி, "மொதல்ல நிக்க வைப்போம் தம்பி. ஓட வைக்கது பெறகு" என்று சொல்லிவிட்டு டிரம்மைச் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார்.

பிரேக்கில் அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் மாற்றாவிட்டால் சிலிண்டருக்குள்ளேயே துருப் பிடிக்கும். வீல் சிலிண்டர் இரண்டும் அப்படித்தான் இருந்தன. உள்ளே ரப்பரை மட்டும் மாற்றும் கிட் போட்டு ஒப்பேற்றலாம், காசு மிச்சம். நான் வேண்டாம் என்றேன். மாஸ்டர் சிலிண்டரும் புதிது, ரப்பர் ஹோஸ்களும் புதிது. ஹோஸ் விஷயம் எனக்கு அதற்கு முன் தெரியாது. வெளியே கருப்பாக, நன்றாகத்தான் தெரியும். உள்ளே ரப்பர் உப்பி வழியை அடைத்திருக்கும். மிதிக்கும்போது அழுத்தத்தில் ஆயில் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டுச் சக்கரங்களுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

டயர்களில் பட்டன் தேயவே இல்லை. பார்ப்பதற்குப் புதிது மாதிரி. பக்கவாட்டில் இருக்கும் கடைசி நான்கு இலக்கத்தைப் படித்தால் விஷயம் தெரிந்துவிடும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். எங்களுடையதில் 2311. அதாவது 2011-இன் 23-ஆவது வாரம். ஐந்தையும் தூக்கிப் போட்டோம்.

அப்புறம் பெட்ரோல். டேங்க் மூடியைத் திறந்ததும் வந்தது பெட்ரோல் வாசமே இல்லை. வார்னிஷ் கடை வாசம். டேங்கைக் கழற்றி, உள்ளே சின்ன ஜல்லியும் டீசலும் போட்டு இரண்டு பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள். வடித்தபோது ஊற்றியது செம்மண் குழம்பு. தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தார்கள். கார்புரேட்டர் ஜெட்டுகளில் பிசின் அடைத்துக் கிடந்தது. ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலிக் குடித்தனம்: பஞ்சு, நார், நடுவில் ஒரு கைப்பிடி நெல். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வந்ததுதான் அம்பை 16. "ஊர் எலில்லா, வேற நெல்லத் தொடாது" என்றார் அண்ணாச்சி.

இந்தக் கார்புரேட்டர் வண்டிக்கு இன்றைக்குப் பெரிய எதிரி பங்கில் கிடைக்கும் பெட்ரோலேதான். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1998-இல் வண்டி செய்தவர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்க முடியாது. எத்தனால் பழைய ரப்பரை உப்பவைத்து, விரிசல் விடவைக்கும்; ஈரத்தையும் இழுக்கும். வண்டி நெடுநாள் நின்றால் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து தங்கும். ஆகவே பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினோம். பெட்ரோல் பம்ப்புக்குள்ளும் ரப்பர் டயாஃப்ரம் உண்டு, அதுவும் போனது. இப்போதும் மாதம் ஒருமுறை டார்ச் அடித்து ஹோஸ்களைத் தடவிப் பார்க்கிறேன். கை பிசுபிசுத்தால் தள்ளிப்போடாமல் மாற்ற வேண்டும், சூடான இஞ்சினுக்கு மேலே ஓடும் குழாய் அது.

இஞ்சினைக் கிளப்பிய கதை சின்னது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு ஓர் இரவு அப்படியே வைத்தார். மறுநாள் டைமிங் பெல்ட்டை மாற்றிவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் மாட்டிக் கையால் சுற்றினார். முதலில் அசையவில்லை. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று ஆட்டிக்கொண்டே இருந்ததில் இளகி, முழுச் சுற்றும் சுற்றியது. அதன் பிறகுதான் பேட்டரி. சோக்கை இழுத்து சாவியைத் திருப்பினால் வெள்ளைப் புகை, கொஞ்சம் மிஸ்ஸிங், பிறகு பழைய 800 சத்தம்.

அண்ணாச்சிக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது ஒரே விஷயத்தில், தெர்மோஸ்டாட்: இஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு. "தெர்மோஸ்டாட் எடுத்தாச்சு" என்று பெரியப்பா நோட்டிலேயே இருந்தது. நம் பக்கத்து மெக்கானிக்குகள் முக்கால்வாசிப் பேர் அதைக் கழற்றித்தான் போடுவார்கள். "நம்ம வெயிலுக்கு அது எதுக்கு தம்பி?" இஞ்சின் சூடேற வேண்டிய அளவுக்குச் சூடேறினால்தான் பெட்ரோல் ஒழுங்காக எரியும், ஆயிலும் சுத்தமாக இருக்கும் என்பது என் கட்சி. வண்டி சூடாகிறது என்றால் அடைத்த ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும், ஃபேன் சுவிட்ச்சைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரைத் திறந்தால் குழாய்களில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி வந்தது. தாமிரபரணித் தண்ணீர் அல்வாவுக்கு நல்லதுதான். ரேடியேட்டருக்கு அதுகூட வேண்டாம், கூலன்ட்தான். சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டையும் போட்டோம். அண்ணாச்சி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

தகடு வேலைதான் பணத்தைத் தின்றது. வெளியே பார்க்க வண்டி பரவாயில்லை. கால்மிதி மேட்டைத் தூக்கினால் முன் சீட்டுக் கால் வைக்கும் இடத்தில் தரை தெரிந்தது. முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் வழியாக ஒழுகிய மழைத் தண்ணீர் மேட்டுக்கு அடியில் தங்கித் தங்கி அரித்திருக்கிறது. பேட்டரி தட்டு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பாக்ஸ், பின் சக்கரத்துக்கு மேல் உதடு எல்லாம் அதே கதை. டிங்கரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: பட்டி அப்பி மூட வேண்டாம், அரித்ததை வெட்டிப் புதுத் தகடு வையுங்கள், சிஓடூ வெல்டிங் போடுங்கள். கேஸ் வெல்டிங்கில் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும்; நெளிவை மறைக்க மறுபடி பட்டி. வாங்கப் போகும் வண்டியில் இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தம் போதும். மெல்லிய துணியைச் சுற்றிக் கதவின் அடிப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனால், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடி விட்டுவிடும்.

முழு பெயின்ட் அடிக்கவில்லை. வெட்டி ஒட்டிய இடங்களுக்கு மட்டும் அதே வெள்ளை, அடியில் அண்டர்கோட்டிங். வேறு நிறம் கேட்டாள் என் மகள். நிறம் மாற்றினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும். இன்னொரு படிவத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

எஃப்.சி.க்குப் போகும் முன் சேஸிஸ் நம்பரைத் தேட வேண்டியிருந்தது. அதன்மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். பானெட்டுக்குள் துருவும் கிரீஸும் மூடிய இடத்தில் அது கிடந்தது. பட்டறைப் பையன் உப்புத்தாளைத் தூக்கிக்கொண்டு வர, அண்ணாச்சி கத்தியே விட்டார். ஓர் எழுத்து மழுங்கினாலும் வண்டி திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வந்துவிடும். மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்து அரை மணி நேரம் மெதுவாகத் தேய்த்து எடுத்தோம். புகைச் சோதனையில் கவலை இல்லை. அந்தக் காலத்து வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி, கார்புரேட்டரை ஒழுங்காக ட்யூன் செய்திருந்தால் அதற்குள் வந்துவிடும். பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்தார், பிரேக்கை அழுத்தி மிதித்தார், இறங்கிக் கையெழுத்துப் போட்டார்.

செலவு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்தக் காசுக்கு ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஆல்டோ ஒன்றையே வாங்கியிருக்கலாம் என்று மைனி சொன்னது நியாயம்தான். பெரியப்பா வண்டி என்பது இல்லாவிட்டால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இப்போது பாளையங்கோட்டைக்குள் பள்ளிக்கூடம், மார்க்கெட், சனி ஞாயிறு அம்பாசமுத்திரம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியே அந்தச் சாலைக்கு இந்த வண்டி அளவெடுத்துத் தைத்த சட்டை. டவுன் ரத வீதிகளில் எந்தச் சந்திலும் திரும்பும். சீசனுக்குக் குற்றாலம் போய் வந்தோம். நான்குவழிச் சாலையில் மட்டும் எழுபதைத் தாண்டுவதில்லை, இரவில் எடுப்பதே இல்லை. ஏர்பேக் கிடையாது, வண்டி எடையே சுமார் 650 கிலோதான். ஆனி ஆடியில் வள்ளியூர் தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் காற்று வண்டியை அடுத்த வரிசைக்கே தள்ளப் பார்க்கிறது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லாரிக்குப் பக்கத்தில் போகாமல் இருக்க வேண்டும். ஏசி இல்லாததால் சித்திரை வைகாசியில் பகல் பதினொன்றுக்கு மேல் பெரியம்மாவை ஏற்றுவதில்லை. அவர்களாகவே, "அவாளுக்கும் வேர்க்கும், ஆனா சொல்ல மாட்டாவ" என்று பெரியப்பாவைச் சொல்லிக்கொண்டு ஏறிவிட்டால் என்ன செய்ய?

கிடைக்காத சாமான் கதவு பீடிங்தான். இஞ்சின் சாமான் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, பாடி சாமானுக்கு நாய் படாத பாடு. கடையில் தருவது டூப்ளிகேட். கதவை இரண்டாம் முறை அறைந்தால்தான் சாத்துகிறது, ஒழுகுவதும் நிற்கவில்லை. மதுரையில் பழைய பாகங்கள் விற்கும் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் வந்தால் மாட்டிவிடலாம். வராவிட்டால் போன வருஷம் மாதிரி மேட்டுக்கு அடியில் பழைய துண்டு விரித்து, மழை விட்டதும் எடுத்துப் பிழிய வேண்டியதுதான்.