தொண்ணூறு பேர், ஐம்பத்து மூன்று இடம்: முகாம் நாட்குறிப்பு 2025

ஜூலை 22, செவ்வாய்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகளின் பயிற்சி முகாம்கள் இந்த வாரம் களை கட்டுகின்றன. ஓர் அணி 90 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் 26 மாலை 4 மணிக்குள், அமெரிக்கக் கிழக்கு நேரப்படி, அது 53 ஆகிவிட வேண்டும். 32 அணிகளுக்கும் கணக்குப் போட்டால் 2,880 பேரில் 1,184 பேருக்குச் சீட்டு கிழியும். 2023 முதல் இடையில் படிப்படியான குறைப்பு கிடையாது, ஒரே நாளில் மொத்தமும். கடைசி வரிசை ஆளுக்கு இதில் ஒரு நன்மை உண்டு: மூன்று பயிற்சி ஆட்டங்களும் முடியும்வரை அவனுக்குக் களம் இருக்கிறது.

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது டிராஃப்ட். ஏப்ரலில் கிரீன் பேயில் நடந்த டிராஃப்டில் ஏழு சுற்றுகளில் 257 பேர் எடுக்கப்பட்டார்கள். முதல் மூன்று சுற்றுக்காரர்களைப் பற்றி இங்கே எழுத அதிகமில்லை. அவர்கள்மேல் பணம் போட்டாகிவிட்டது, எளிதில் வெட்ட மாட்டார்கள். போட்டி இருப்பது கடைசிச் சுற்று ஆட்களுக்கும், எந்த அணியும் எடுக்காமல் டிராஃப்ட் முடிந்தபின் ஒப்பந்தம் போட்டவர்களுக்கும் நடுவில்தான்.

53 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் இரண்டோ மூன்றோ, அதைப் பிடிக்கும் ரிசீவர் ஐந்தோ ஆறோ, முன்வரிசையில் நின்று குவார்ட்டர்பேக்கைக் காக்கும் அஃபென்ஸிவ் லைன் எட்டிலிருந்து பத்து, பந்தை உதைக்கும் கிக்கர், பன்ட்டர், உதைக்கப் பந்தைப் பின்னால் அனுப்பும் லாங் ஸ்னாப்பர் தலா ஒருவர். இப்படிப் பிரித்துவிட்டால் ஒரு புது ரிசீவருக்கு உண்மையில் திறந்திருப்பது ஐந்தாவது, ஆறாவது இடம் மட்டும். அந்த இடத்து ஆள் ஆட்டத்தில் பாஸ் பிடிப்பது அபூர்வம். பிறகு அவனுக்கு என்ன வேலை? அதைத்தான் அடுத்த ஐந்து வாரமும் கவனிக்கப்போகிறோம்.

ஜூலை 24, வியாழன்

தோளையும் உடலையும் காக்கும் பேட் இல்லாத நாட்கள். ஹெல்மெட், ஷார்ட்ஸ். மோதல் இல்லாததால் எல்லோரும் நன்றாகவே தெரிவார்கள். இந்த நாட்களின் வீடியோவைப் பார்த்து ஒரு பையனைத் தூக்கிவைத்து ஆடுவது வீண்.

ஆனால் கல்லூரிப் பழக்கங்கள் எங்கே இடிக்கின்றன என்பது இப்போதே தெரியும். களத்தின் நடுவில் உள்ள ஹாஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, இங்கே 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஓரத்து ஹாஷில் வைக்கப்பட்டால் ஒரு பக்கம் பெரிய மைதானமாகத் திறந்து கிடக்கும். அந்தப் பக்கமே ஓடி யார்டு சேர்த்த ரிசீவருக்கு இங்கே அந்த இடம் இல்லை. அங்கே ஒரு கால் கோட்டுக்குள் பட்டால் கேட்ச். இங்கே இரண்டு காலும் பட வேண்டும்.

ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக்குகள் பாடு இன்னும் கஷ்டம். கல்லூரியில் பாஸ் கையை விட்டுக் கிளம்பும்வரை எதிரில் வரும் ரிசீவரைக் கைவைத்துத் தடுக்கலாம். இங்கே 5 யார்டுக்கு அப்பால் தொட்டால் இல்லீகல் கான்டாக்ட்: 5 யார்டு தண்டனை, கூடவே தானாக ஒரு ஃபர்ஸ்ட் டவுன், அதாவது எதிரணிக்குப் புதிதாக நான்கு டவுன் (முயற்சி). மூன்றாவது டவுனில் இதைச் செய்பவன் தன் அணியின் மொத்தத் தடுப்பையும் வீணாக்குகிறான். பயிற்சிக்கும் நடுவர்களை அழைத்துக் கொடி வீசவைப்பது இதற்காகத்தான்.

லைன்மேன்களுக்கு வேறு தொல்லை. பாஸ் ஆட்டத்தில் கல்லூரி விதி 3 யார்டு முன்னேற விடும்; இங்கே 1 யார்டுதான். ஓட்டமா பாஸா என்பதை ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) பிறகு முடிவெடுக்கும் ஆட்டங்களில் வளர்ந்த கார்டு என்ற லைன்மேன், பழக்கத்தில் இரண்டு அடி கூடுதலாகப் போய்விடுவான். அந்த ஆட்டமே ரத்து.

ஜூலை 28, திங்கள்

பேட் மாட்டியாகிவிட்டது. முகாம் முழுக்கவே பேட் பயிற்சிகள் 16-க்கு மேல் போகக் கூடாது என்பது வீரர் சங்க ஒப்பந்தம். ஒருநாளைக்கு இரண்டு முழுப் பயிற்சி என்ற பழைய முறை 2011-இலேயே ஒழிந்தது. ஹெல்மெட்டின் மேல் மெத்தை போலத் தெரிவது கார்டியன் கேப். லைன்மேன், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளரான லைன்பேக்கர், தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்யும் டைட் எண்டு, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் போன்றோருக்குக் கட்டாயம்.

இனி ஒவ்வொரு ரெப்பும் விலைமதிப்புள்ளது. ஒரு முறை அணிவகுத்து ஒரு ஆட்டம் ஆடினால் ஒரு ரெப். 11-க்கு 11 பகுதியில் முதல் அணி பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும், இரண்டாவது அணிக்கு மிச்சம், மூன்றாவது அணிக்கு ஒரு பகுதியில் மூன்று நான்கு ரெப் கிடைத்தால் பெரிது. அதில் ஒன்றில் தப்பான பக்கம் நின்றால் மறுநாள் அந்த நான்கும் இரண்டாகும். பயிற்சியாளர்கள் இதைக் கோபத்தில் செய்வதில்லை. அவன் தப்பான இடத்தில் நின்றால் மற்ற 21 பேரின் ரெப்பும் கெடுகிறது, அவ்வளவுதான்.

குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் பாஸ் ரஷ் ஒருவருக்கொருவர் பயிற்சியைத்தான் ரசிகர்கள் அதிகம் பகிர்வார்கள். அது லைன்மேனுக்கு எதிராகச் சாய்ந்த தராசு. பக்கத்தில் துணைக்குக் கார்டு இல்லை, குவார்ட்டர்பேக் பந்தை எறிந்துவிடவும் மாட்டார். தோற்றானா என்பதைவிட எப்படித் தோற்றான் என்று பார்க்க வேண்டும். இடுப்பு வளைந்து தலை முன்னே விழுந்ததா, அல்லது கால் சரியாக வைத்தும் கை மட்டும் தாமதமா? கையைத் திருத்தலாம். இடுப்பை ஒரு மாதத்தில் திருத்த முடியாது.

ஜூலை 31, வியாழன்

ஓஹாயோவின் கேன்டனில் முதல் பயிற்சி ஆட்டமான ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டம். சார்ஜர்ஸ் 34, லயன்ஸ் 7. ஸ்கோரை மறந்துவிடலாம். பயிற்சி ஆட்டங்களில் ஒரே எண்ணை இருவர் அணியலாம் என்பதால், டிவியில் பார்க்கும்போது எண்ணை மட்டும் நம்பினால் தடுப்பாட்டக்காரன் செய்ததை ரிசீவர் கணக்கில் எழுதிவிடுவோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தொடைப் பின்தசை வாரம். எல்லா முகாம்களிலும் இதே செய்திதான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தப் பையன்கள் 40 யார்டு நேர்கோட்டு ஓட்டத்துக்காகவே உடலைத் தயார்செய்கிறார்கள். முகாமில் தேவைப்படுவதோ வேகத்தில் போய்ச் சட்டென நின்று திரும்புவது. அந்த பிரேக் போடும் பளு பின்தசைமேல் விழுகிறது, சோர்ந்த உடலில் அது பிடித்துக்கொள்கிறது.

வெயிலுக்கு வழி எளிது: பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது, இழந்த ஒவ்வொரு பவுண்டுக்கும் 16 முதல் 24 அவுன்ஸ், அதாவது அரை முதல் முக்கால் லிட்டர் வரை, திரவம் குடிப்பது. வெறும் தண்ணீர் போதாது, உப்பும் சேர வேண்டும்.

ஐஸ் தொட்டியில் உட்கார்ந்தவனுக்கு அணியில் இடமில்லை என்பது முகாம்களில் பழைய வசனம். கொடூரமாக இருந்தாலும் கணக்கு அப்படித்தான். முதல் சுற்று வீரர் பத்து நாள் ஓய்வெடுத்தால் 'பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்' என்று பெயர். டிராஃப்ட் ஆகாதவன் பத்து நாள் ஓய்வெடுத்தால் அவன் லாக்கரில் வேறொருவன் பெயர்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று கிக்காஃப், அதாவது எதிரணிக்குப் பந்தை உதைத்துக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது. கடைசி இடங்கள் தீர்மானமாவது இங்கேதான்.

புது முறை 2024-இல் வந்தது, இந்த ஆண்டு நிரந்தரமாகிவிட்டது. கிக்கர் தன் பக்கத்து 35 யார்டு கோட்டில் நிற்பார். அவருடைய மற்ற 10 பேர் எதிரணியின் 40-இல். தடுப்பவர்கள் 35-க்கும் 30-க்கும் இடையே. பிடிப்பவர்கள், அதிகபட்சம் இருவர், 20-க்கும் கோல் கோட்டுக்கும் இடையே உள்ள இறங்கு பகுதியில். பந்து அந்தப் பகுதியிலோ அதற்குப் பின்னாலோ தரையையோ ஆளையோ தொடும்வரை கிக்கரும் பிடிப்பவர்களும் தவிர யாரும் நகரக் கூடாது.

பந்து காற்றிலேயே கோல் கோட்டுக்குப் பின்னாலுள்ள எண்டு ஜோனுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டால் இந்த ஆண்டு முதல் 35-இல் ஆட்டம் தொடங்கும். போன ஆண்டு 30. இந்த 5 யார்டுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. இலவசமாக 35 கொடுப்பதைவிட இறங்கு பகுதியில் தாழ்வாகப் போட்டு ஓடவைப்பதே மேல் என்று பயிற்சியாளர்கள் முடிவெடுக்கிறார்கள். அங்கே குத்தி எண்டு ஜோனுக்கு உருண்டு போனால் 20-இல்தான் தொடக்கம். பகுதிக்கு முன்பே விழுந்தால் தண்டனையாக 40.

ஆக, திரும்ப ஓடுவது கூடுகிறது. அதற்கு ஆள் வேண்டும். எப்படிப்பட்ட ஆள்? முன்பு 60 யார்டு தலைதெறிக்க ஓடுபவன் தேவைப்பட்டான். இப்போது இரு வரிசைக்கும் நடுவே 5 யார்டுதான். இடம் விடாமல் நின்று, தடுப்பவனின் கையைத் தட்டிவிட்டு, ஒரே தாவலில் பந்தோடு வருபவனை மடக்குபவன் வேண்டும். அதனால் மூன்றாவது டைட் எண்டு, ஐந்தாவது லைன்பேக்கர், நான்காவது சேஃப்டிக்கு (பின்வரிசைத் தடுப்பாளர்) மதிப்பு ஏறியிருக்கிறது. வேகம் மட்டுமே உள்ள ஒல்லி ரிசீவருக்கு இறங்கியிருக்கிறது.

பொதுவான தவறு மூன்று. ஒன்று, பந்து தொடுமுன் கால் நகர்வது: 5 யார்டு. இரண்டு, தடுப்பவனைத் தப்பான தோளால் கடப்பது. உள்பக்கம் காக்க வேண்டியவன் வெளிப்பக்கமாகச் சுற்றினால் அவன் விட்ட சந்தில் பந்து 30 யார்டு போய்விடும். மூன்றாவதைப் பிடிப்பவர்கள் செய்கிறார்கள்: இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்க, பந்து நடுவில் குத்துகிறது. 'என் பந்து' என்று முன்கூட்டியே கத்தாதவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் வேலைக்கு ஆகாது.

ஆகஸ்ட் 9, சனி

நேற்று சார்லட்டில் பிரவுன்ஸ் அணியின் புது குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் 23-இல் 14 பாஸ், 138 யார்டு, 2 டச்டவுன் (பந்தை எண்டு ஜோனுக்குள் சேர்த்து எடுக்கும் ஸ்கோர்). கொலராடோ பல்கலைக்கழக அணியில் பெரிய பெயர். டிராஃப்டில் ஐந்தாம் சுற்று, 144-ஆவது இடம் வரை சரிந்தவர். அதே அணி மூன்றாம் சுற்றில் ஒரேகனின் டில்லன் கேப்ரியலை எடுத்திருக்கிறது. கூடவே மூத்த குவார்ட்டர்பேக்குகள் ஃப்ளாக்கோ, பிக்கெட். நான்கு பேருக்கு ஒரு பந்து.

நேற்றைய எண்கள் நல்லவை. ஆனால் எதிரே யார் நின்றார்கள், எந்தக் கால் பகுதியில் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குவார்ட்டர்பேக்குக்குப் பயிற்சியாளர் தேடுவது வேறு. பயிற்சியாளர் பேசும் ஹெல்மெட் ஸ்பீக்கர் ஆட்டக் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது நின்றுவிடும். அதற்குள் அடுத்த ஆட்டத்துக்கான நீளமான அழைப்பைக் கேட்டு, அணி கூடி நிற்கும் ஹடிலில் தடுமாறாமல் சொல்லி, வரிசைக்கு வந்து தடுப்பைப் படிக்க நேரம் மிச்சம் வைக்க வேண்டும். ஓரத்தில் தூக்கிக் காட்டும் பலகையைப் பார்த்து ஆடி வளர்ந்தவர்களுக்கு எறிதலைவிட இதுதான் பெரிய வேலை.

ஆகஸ்ட் 13, புதன்

பந்தைத் தூர உதைத்து எதிரணிக்குக் கொடுக்கும் பன்ட் பயிற்சியில் இரண்டு வேலைகளைத் தனியே பார்க்கலாம்.

கன்னர்: இரு ஓரத்திலும் நிற்பவர்கள். பந்து உதைக்கப்படும் முன்பே கோட்டைத் தாண்ட இவர்கள் இருவருக்கும் மட்டுமே அனுமதி. எதிரே பெரும்பாலும் இருவர் அணைத்துத் தடுப்பார்கள். முதல் இரண்டு அடியில் ஒருவனின் வெளித்தோளைத் தாண்டி, பிறகு உடனே அவன் பாதைக்குள் திரும்பி முதுகில் ஏற்றிக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் பக்கவாட்டில் ஓடியபடியே தள்ளிக்கொண்டு போவான். பந்து காற்றில் 4.5 விநாடி நின்றால் நல்ல பன்ட். அதற்குள் 40 யார்டு போயாக வேண்டும். தானாக வெளிக்கோட்டைத் தாண்டி ஓடினால் தண்டனை. தள்ளப்பட்டால் உடனே உள்ளே வர வேண்டும்.

மின்னசோட்டாவின் ஆடம் தீலன் 2013-இல் சோதனை முகாமுக்கு வந்த சிறு கல்லூரி ரிசீவர். முதல் ஆண்டு பயிற்சிக்கான கூடுதல் அணியான பிராக்டிஸ் ஸ்குவாட். 2014-இல் 53-க்குள் வந்து உதை ஆட்டங்களுக்கான ஸ்பெஷல் டீம்ஸில்தான் பிழைத்தார். அந்த நவம்பரில் கரோலினாவுக்கு எதிராக, தடுக்கப்பட்ட பன்ட்டை எடுத்து ஓடி டச்டவுன் போட்டார். 2018-இல் அவர் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் 100 யார்டு எடுத்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

லாங் ஸ்னாப்பர்: பன்ட்டருக்கு 15 யார்டு, முக்கால் விநாடிக்குள், உதைக்கும் காலின் இடுப்பருகே. கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 7, 8 யார்டு. பந்து எத்தனை சுழல் சுழன்றால் அதை வாங்கி உதைக்க நிறுத்திக்கொடுக்கும் ஹோல்டர் கையில் தையல் முன்பக்கம் பார்க்கும் என்று அளந்து போடுவது. ஸ்னாப்பிலிருந்து உதைவரை சுமார் 1.3 விநாடி. முகாமுக்கு இரண்டாவது கிக்கரை அழைப்பது பல நேரம் முதலாமவரின் காலைக் காக்கத்தான். அவருக்கும் அது தெரியும். மற்ற 31 அணிகளுக்குக் காட்ட வீடியோ கிடைக்கிறதே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பயிற்சி ஆட்டங்கள் முடிந்தன. நேற்று ராம்ஸுக்கு எதிராக சாண்டர்ஸ் 6-இல் 3, 14 யார்டு, ஐந்து முறை சாக், அதாவது எறியுமுன்பே வீழ்த்தப்பட்டார். சாக்குகளில் எத்தனை லைனின் தவறு, எத்தனை பந்தைப் பிடித்து வைத்திருந்ததால் என்று பிரித்துப் பார்க்காமல் திட்டுவதில் பயனில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பிக்கெட்டை நேற்று ரெய்டர்ஸுக்குக் கொடுத்துவிட்டதால் பிரவுன்ஸில் மூன்று பேரும் தங்கிவிட்டார்கள். மற்ற அணிகளில் பேச்சு குறைவு, கணக்கு அதிகம்.

நான்கு அக்ரூட் (கணக்கில் சேரும்) சீசன் முடிக்காதவனை விடுவித்தால் அவன் வெய்வரில் போக வேண்டும், எந்த அணியும் கோரலாம். நான்கு முடித்த மூத்தவர் நேராகச் சுதந்திரப் பறவை. எனவே அணிகள் ஒரு வித்தை செய்கின்றன: மூத்தவரிடம் சொல்லிவிட்டு இன்று விடுவிப்பது, இழக்க விரும்பாத இளைஞனை 53-இல் வைப்பது, நாளை காயப் பட்டியலுக்கு ஒருவரை மாற்றி மூத்தவரைத் திரும்ப எடுப்பது. இன்றே காயப் பட்டியலில் போட்டுப் பின்னர் திரும்ப அழைக்கும் சலுகை போன ஆண்டு முதல் இரண்டு பேருக்கு மட்டும் உண்டு. ஆகவே இன்று மாலை 53-இல் பெயர் வந்த புதுப்பையன் உடனே வீடு பார்க்கக் கூடாது. நாளை நண்பகல் தாண்டட்டும்.

ஆகஸ்ட் 27, புதன்

நண்பகலோடு வெய்வர் கோரிக்கைகள் முடிந்தன. முன்னுரிமை டிராஃப்ட் வரிசைப்படி. போன ஆண்டு 3 வெற்றி, 14 தோல்வியோடு முடித்த டைட்டன்ஸுக்கு முதல் இடம்.

யாரும் கோராதவர்களை 16 பேர் கொண்ட பிராக்டிஸ் ஸ்குவாடில் சேர்க்கலாம். ரயிலில் ஆர்.ஏ.சி. டிக்கெட் மாதிரி: வண்டியில் ஏறியாயிற்று, படுக்கை உறுதியில்லை. புதியவருக்கு வாரம் 13,000 டாலர். 53-இல் இருக்கும் புதியவருக்குக் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 8,40,000 டாலர், 18 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 46,666 சொச்சம்.

வேலை? வரும் ஞாயிறு எதிரணியின் ஆட்டத்தை அட்டையில் பார்த்து அப்படியே ஆடிக்காட்டுவது. வாரத்துக்கு நான்கு பேரை அணி பாதுகாக்கலாம். மற்றவர்களை வேறு அணி தன் 53-க்கு என்றால் மட்டும் தூக்கிப்போகலாம், மூன்று வாரச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இருவரை உயர்த்தலாம், அந்த வாரம் முழுச் சம்பளம். ஒரே ஆளை மூன்று முறைக்கு மேல் இப்படி உயர்த்த முடியாது. நான்காவது முறையும் கிக்காஃபில் அவன்தான் வேண்டும் என்றால் 53-இல் சேர்த்தே ஆக வேண்டும். அதற்காக யாரை வெளியே அனுப்புவது என்ற கேள்வி அப்போது வரும்.