கண் திறந்தும் நினைவு வராதவருக்கு அமன்டடின் தொடங்கும்போது

தலையில் பலத்த அடிபட்டவருக்குக் கோமா கலைந்து கண் திறந்திருக்கும். ஆனால் கூப்பிட்டால் திரும்பமாட்டார், கையை அழுத்தச் சொன்னால் அழுத்தமாட்டார். "நினைவு வர மருந்து இல்லையா?" என்றுதான் வீட்டார் கேட்பார்கள். அமன்டடின் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் நாங்கள் முதலில் பார்ப்பது, ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் மருந்துச் சீட்டை.

ஐசியுவில் ஆரம்பித்தவை பல வாரம் கழித்தும் கேள்வியில்லாமல் தொடரும். வலிப்புக்குக் குளோனசிபாம் அல்லது பீனோபார்பிட்டோன், தசை இறுக்கத்துக்கு பாக்லோபென்: இவை தூக்கத்தைக் கூட்டும். வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடும் முரட்டுத்தனத்துக்கான ஹாலோபெரிடாலும், மூளையில் விழிப்புக்கு உதவும் வேதிப்பொருளான டோபமினையே தடுப்பவை. இவற்றை வைத்துக்கொண்டு டோபமினைத் தூண்டும் அமன்டடினைக் கொடுத்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும். குறைப்பதிலும் அவசரம் கூடாது. குளோனசிபாமையோ பாக்லோபெனையோ சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், படிப்படியாக.

கூடவே ரத்தத்தில் சோடியம், தைராய்டு, கார்டிசால் என்ற ஹார்மோன் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். மூளையில் நீர் கோத்திருக்கிறதா என்று ஸ்கேனும், கை கால் உதறாமல் உள்ளுக்குள் ஓடும் வலிப்பு உண்டா என்று மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இஇஜியும் அவசியம். இவற்றில் ஒன்று காரணமாக இருந்தால், அதைச் சரிசெய்யாமல் நினைவு வரக் கொடுக்கும் எந்த மாத்திரையும் எழுப்பாது.

அடுத்தது அளவிடுதல். இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். நினைவு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்கும் சிஆர்எஸ்-ஆர் (Coma Recovery Scale-Revised) என்ற மதிப்பீட்டில் கேட்டல், பார்த்தல், அசைவு, வாய் அசைவும் பேச்சும், தொடர்புகொள்ளல், விழிப்பு என ஆறு பகுதிகள். மொத்தம் 23 புள்ளி. காலையில் கண்ணால் பின்தொடர்பவர் மாலையில் வெறித்தபடி கிடப்பார். அதனால் இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது, வெவ்வேறு நேரங்களில் செய்ய வேண்டும். பார்வையைச் சோதிக்கப் பேனாவையோ விரலையோ காட்டாதீர்கள், கண்ணாடியைக் காட்டுங்கள். தன் முகத்தைத்தான் கண் முதலில் தொடரும். 2009இல் வெளியான ஆய்வில், நினைவே இல்லை என்று மருத்துவக் குழு முடிவுகட்டிய 44 பேரில் 18 பேருக்கு இந்த மதிப்பீட்டில் நினைவின் அறிகுறி தெரிந்தது. தொடக்க அளவு இல்லாவிட்டால், பிறகு தெரியும் முன்னேற்றம் மருந்தாலா தானாகவா என்று யாராலும் சொல்ல முடியாது.

அமன்டடினுக்கு வலுவான ஆதாரம் 2012இல் வந்தது. அடிபட்டு 4 முதல் 16 வாரம் ஆன 184 பேரிடம் நடந்த ஆய்வு அது. முதல் இரண்டு வாரம் 100 மி.கி. தினம் இருவேளை, போதிய முன்னேற்றம் இல்லையென்றால் மூன்றாம் வாரம் 150, நான்காம் வாரம் 200, அதுவும் இருவேளை. மருந்து எடுத்தவர்கள், போலி மருந்து எடுத்தவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். நிறுத்திய பின் வேகம் குறைந்து, ஆறாம் வார முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. ஆக, மருந்து மீட்சியை விரைவாக்குகிறது. இறுதியில் எவ்வளவு தேறுவார் என்பதை மாற்றும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இதயத் துடிப்பு நின்றுபோனதால் ஆக்சிஜன் தடைபட்ட மூளைக்கு இந்த முடிவைப் பொருத்தவும் கூடாது.

முதல் வேளை காலையில், இரண்டாவது மதியத்துக்குள். இரவில் கொடுத்தால் தூக்கம் கெட்டு, மறுநாள் முழுதும் சோர்ந்து கிடப்பார். மருந்து பலிக்கவில்லை என்று தப்பாக நினைப்போம். குழாய் வழியாகக் கொடுப்போருக்கு சிரப் வசதி. 5 மி.லி.யில் 50 மி.கி. உள்ள சிரப் என்றால் 100 மி.கி. உள்ள ஒரு வேளைக்கு 10 மி.லி.; பாதி அளவு போவது அடிக்கடி நடக்கும் பிழை. சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து என்பதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. தோலில் வலைபோல் ஊதா நிறம், கணுக்கால் வீக்கம் வரலாம். வலிப்பு வரலாறு இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

மிகவும் குழப்புவது அமைதியின்மை. அது விழிப்பின் முதல் அடையாளமாகவும் இருக்கும், மருந்து அதிகமானதன் அறிகுறியாகவும் இருக்கும். அளவைக் குறைத்துப் பார்த்தால் தெரியும். அதற்குப் பதில் ஹாலோபெரிடால் போட்டால் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவோம்.

சோல்பிடெம் பற்றியும் கேட்பார்கள். தூக்க மாத்திரையே சிலரைச் சில மணி நேரம் எழுப்புவது உண்மைதான். ஆனால் 84 பேரில் செய்த ஆய்வில் 4 பேருக்கே பலித்தது. முயன்று பார்ப்பதென்றால் ஒரே ஒரு 10 மி.கி. கொடுத்து, முன்னும் பின்னும் மதிப்பீடு செய்ய வேண்டும். பெரும்பாலோர் தூங்கிவிடுவார்கள் என்பதை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வீடு திரும்பும் நாளில் சீட்டில் அமன்டடின் விடுபட்டுப் போவதும் உண்டு. சட்டென நின்றால் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து, கிடைத்த விழிப்பும் மங்கலாம். தொடர்கிறதா, எத்தனை நாளில் குறைப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.